அரிசிக்கு உரியவர் யார்? இலங்கையின் உணவு உதவித் திட்டங்களில் தகுதி விதிகள், 1942–2023

பஞ்சத்தையும் வறுமையையும் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் விளைச்சல், இறக்குமதி, விலை ஆகியவற்றின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. களஞ்சியத்தில் எவ்வளவு நெல் இருந்தது என்பதே அவற்றின் முதல் வினா. அந்நெல்லில் பங்கு பெறுதற்குரியவர் யாவர், அவரை உரியவர் எனத் தீர்மானித்தவர் யாவர், எச்சான்றினைக் கொண்டு அவ்வாறு தீர்மானித்தனர் என்னும் வினாக்கள் நிருவாக விவரங்களாகக் கருதப்பட்டு ஓரத்தில் விடப்படுகின்றன. ஆயினும் ஓர் ஏழைக் குடும்பத்தைப் பொறுத்தவரை அரசின் கொள்கை என்பது இந்த விவரங்களாகவே வந்து சேர்கின்றது. பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதுமே அடுப்பு எரிவதையும் எரியாதிருப்பதையும் தீர்மானிக்கின்றன.

இலங்கையில் உணவு உதவிக்கான தகுதி விதிகள் 1942 தொடக்கம் 2023 வரையான எண்பதாண்டுக் காலத்தில் மூன்று பெரிய மாற்றங்களுக்கு உட்பட்டன. முதலில் நாட்டில் வாழ்தலே தகுதியாக இருந்தது. பின்னர் குடும்ப வருமானம் தகுதியாயிற்று. இறுதியில் வீடு, உடைமை, கல்வி, உடல்நலம் முதலியவற்றுக்கு இடப்படும் புள்ளிகள் தகுதியாயின. ஒவ்வொரு மாற்றமும் உண்மையான ஏழையைக் கண்டறிவதற்கெனவே செய்யப்பட்டது. ஆனால் ஒவ்வொன்றின் பின்னரும், தாம் ஏழை என்பதை நிறுவும் சுமை அரசிடமிருந்து ஏழையின் தோளுக்குச் சிறிது சிறிதாக இடம்மாறிற்று. இம்மாற்றத்தின் போக்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்க்காலப் பங்கீடு

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தனது அரிசியின் பெரும்பகுதியைப் பர்மா, இந்தியா, சீயம் ஆகிய நாடுகளிலிருந்து பெற்றுவந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தபோது இவ்வரிசியின் முதன்மையான ஊற்று அடைபட்டது. கையிருப்பிலுள்ள தானியத்தை விலையின் போக்கிற்கு விட்டுவிட்டால் வசதி படைத்தோர் உண்ண, வறியோர் பட்டினி கிடக்க நேரும் என்பதனை அன்றைய குடியேற்ற ஆட்சியும் உணர்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. மக்கள் வழக்கில் இது 'கூப்பன்' எனப் பெயர் பெற்றது.

இம்முறையின் தகுதி விதி மிக எளிமையானது. தலைக்கு ஒரு பங்கு என்பதே அது. வயதும் தொழிலும் அளவைச் சற்று மாற்றினவேயன்றி, செல்வமோ வறுமையோ ஒருவரை வெளியே நிறுத்தவில்லை. பெயர் பதிந்தவர் யாவரும் கூட்டுறவுக் கடையிலோ அனுமதி பெற்ற வணிகரிடமோ கட்டுப்பாட்டு விலைக்கு அரிசி பெற்றனர். எனவே ஒருவரின் வருமானத்தை உசாவ வேண்டிய தேவை எந்த அலுவலருக்கும் எழவில்லை. ஒருவர் உயிரோடிருக்கின்றார், இவ்விடத்தில் வாழ்கின்றார் என்னும் இரண்டு செய்திகளே போதுமானவை.

இவ்வெளிமையின் விளைவு 1948 இன் பின்னர் தெளிவாகப் புலப்பட்டது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் அதனைத் தொடர்ந்து பறிபோயிற்று. ஆனால் அரிசிப் பங்கீடு குடியுரிமையைச் சார்ந்து நிற்காமையால், அரசியல் உரிமை இழந்த அம்மக்களும் கூப்பன் அரிசியைப் பெற்றே வந்தனர். நாட்டின் சட்டம் அந்நியர் என்று கூறிய ஒருவரை நாட்டின் பங்கீட்டுப் பதிவேடு உண்பவர் என்று ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் உரிய திட்டமொன்றில் விலக்கப்பட்டோருக்கும் இடம் கிடைத்துவிடுகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

விலையும் அளவும் பற்றிய போராட்டங்கள்

போர் முடிந்த பின்னரும் பங்கீடு நீங்கவில்லை. அது மக்களின் உரிமையாக வேரூன்றிவிட்டது. 1952 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கு விற்கப்பட்டது. கொரிய யுத்தத்தினால் உயர்ந்திருந்த றப்பர் விலை சரியவே, அரசின் வருவாய் சுருங்கியது. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் அவ்விலையை 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் தலைமையில் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை துறைமுகத்திலிருந்த போர்க்கப்பலில் கூடவேண்டிய நிலை உண்டாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

1962 இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டின் அளவைக் குறைக்க முனைந்து, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பினால் அம்முயற்சி கைவிடப்படவே, நிதியமைச்சுப் பதவியினின்றும் விலகினார். 1966 டிசம்பரில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கினை ஒரு கொத்தாகக் குறைத்து, அவ்வொரு கொத்தினை இலவசமாக்கியது. 1970 இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி, தேர்தல் வாக்குறுதிக்கிணங்க இரண்டாவது கொத்தினை 75 சதத்துக்கு மீள வழங்கியது.

இந்நிகழ்ச்சிகளை ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். 1953 இலும் 1962 இலும் 1966 இலும் நடந்த வழக்கு விலை பற்றியது, அல்லது அளவு பற்றியது. யாருக்கு உரியது என்பது பற்றி எக்கட்சியும் வாதிடவில்லை. எல்லோரும் பெற்றமையால் எல்லோரும் சேர்ந்து எதிர்க்க முடிந்தது. கொழும்பின் எழுதுவினைஞரும் கிராமத்துக் கூலியாளும் ஒரே கொத்துக்காகக் குரல் எழுப்பினர். பின்னாளில் வறியோருக்கு மட்டும் என ஒதுக்கப்பட்ட திட்டங்கள் சுருங்கியபோது அவற்றுக்காக நாடு ஸ்தம்பிக்கவில்லை என்பது இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

பங்கீட்டின் பொற்காலமாக இதனைக் காட்டுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. இம்முறை அரசின் வருவாயில் பெரும்பங்கினை விழுங்கியது. 1973 இல் உலகச் சந்தையில் தானியத்தின் விலையும் எண்ணெயின் விலையும் ஒருங்கே ஏறியபோது பங்கீட்டின் அளவு வெட்டப்பட்டது. நெல் விளையும் கிராமத்தில் வாழ்ந்தவர் ஏதோவொரு வகையில் சமாளித்தனர். சொந்த நிலமற்று, கூலியையும் பங்கீட்டையும் மட்டுமே நம்பியிருந்த தோட்ட மக்கள் சமாளிக்க இயலவில்லை. 1974 இல் மலையகத்தில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. எல்லோருக்கும் உரிமை இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது. யாருக்கு என்னும் வினாவோடு எவ்வளவு என்னும் வினாவும் விடை பெறாதவிடத்து உரிமை வெறும் அட்டையாகிவிடும் என்பது அவ்வாண்டு கற்பித்த பாடமாகும்.

எல்லைக்கோடு வரையப்படுதல்

தகுதியில் முதலாவது கோடு 1970களின் முற்பகுதியில் மேலிருந்து வரையப்பட்டது. வருமான வரி செலுத்துவோருக்கு இலவச அரிசி நிறுத்தப்பட்டது. இவர்தம் தொகை மிகச் சிறியது. அத்துடன் அவர்களை இனங்காண்பதும் எளிது. வரித் திணைக்களத்தின் பதிவேடே போதிய சான்றாயிற்று. இவ்விதி செல்வரை நிரூபித்து விலக்கியது. ஏழையாயிருப்பவர் எதனையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் திறந்த பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்டது. 1978 இன் தொடக்கத்தில் பங்கீட்டு அரிசி மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்படாத குடும்பங்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. நாட்டின் மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஒரே ஆணையால் வெளியேறினர். 1979 செப்டெம்பரில் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து பேர் வரை கொண்ட குடும்பத்துக்கு 300 ரூபாவே எல்லை. அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அங்கத்தவருக்கும் 60 ரூபா எல்லையோடு சேர்க்கப்பட்டது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டோருக்கு 15 ரூபா என முத்திரைகள் வழங்கப்பட்டன. மண்ணெண்ணெய்க்கெனக் குடும்பத்துக்கு 9 ரூபா 50 சதம் தனியே கிடைத்தது.

கணவன், மனைவி, ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் பத்து வயதிலும் மூன்று பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோமாயின், அதற்கு மாதந்தோறும் 100 ரூபா பெறுமதியான உணவு முத்திரைகள் கிடைத்தன. 299 ரூபா வருமானமுடைய குடும்பம் முத்திரையோடு 399 ரூபா வலுவைப் பெற, 301 ரூபா வருமானமுடைய குடும்பம் 301 ரூபாவோடு நின்றது. இரண்டு ரூபா கூடுதலாக உழைத்தவர் ஏறத்தாழ நூறு ரூபா இழந்தார். இத்தகைய ஒரு கோட்டின் இருபுறத்தும் நிற்போர் தமது வருமானத்தைக் கோட்டுக்குக் கீழே காட்ட முனைவது இயல்பே. கிராம சேவகர் அதனை ஐயுறுவதும் இயல்பே. ஆகவே ஏழைக்கும் அரசுக்கும் இடையிலான உறவு உரிமை உறவாக இருந்த நிலை மாறி, விசாரணை உறவாக உருவெடுத்தது.

உறைந்த பட்டியலும் உருகிய பெறுமதியும்

எதிர்பார்த்ததற்கு மேலாக மக்கள் விண்ணப்பித்தமையால், 1980 மார்ச்சின் பின்னர் புதிய பெயர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. இம்முடிவின் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அதுவரை வருமானமே தகுதியாக இருந்தது. அந்நாளின் பின்னர் வருமானத்தோடு ஒரு திகதியும் தகுதியாயிற்று. அத்திகதிக்குப் பின் வேலையிழந்தவர், கணவனை இழந்தவர், பயிரை இழந்தவர் ஆகியோர் எவ்வளவு வறியராயினும் வெளியே நின்றனர். உள்ளே இருந்தவர்களுள் நிலை உயர்ந்தோர் தாமாக விலகவுமில்லை. குழந்தைக்கே மிகக் கூடிய பெறுமதியை வகுத்த ஒரு திட்டம், அதன் பின்னர் பிறந்த குழந்தையைக் கணக்கில் எடுக்க மறுத்தது.

பெறுமதியின் கதையும் இதனையொத்ததே. பங்கீடு அரிசியாக வழங்கப்பட்டபோது விலை ஏறினால் ஏற்றத்தை அரசு சுமந்தது. முத்திரை ரூபாவில் குறிக்கப்பட்டபோது ஏற்றத்தை உண்பவர் சுமந்தார். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 1980 இல் 26 சதவீதமும் 1981 இல் 18 சதவீதமும் உயர்ந்தது. இவ்விரண்டு ஏற்றங்களும் மட்டுமே 15 ரூபா முத்திரையை ஏறக்குறைய 10 ரூபா வலுவுக்குக் கீழிறக்கப் போதுமானவை. 1970களின் நடுப்பகுதியில் அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 15 சதவீதமாக இருந்த உணவு மானியம் 1984 அளவில் 3 சதவீதம் ஆயிற்று. எந்தச் சட்டமும் இயற்றப்படாமல், எந்த ஹர்த்தாலும் எழாமல் இச்சுருக்கம் நிறைவேறியது. 1953 இல் 45 சத ஏற்றத்தைத் தாங்காத நாடு இதனை அமைதியாக ஏற்றது. பாதிக்கப்பட்டோர் நாட்டின் ஒரு பாதியினர் மட்டுமே. அப்பாதியினரும் வறியோரே.

செலவைக் குறைத்தமைக்கு அரசிடம் நியாயம் இல்லாமலில்லை. செல்வருக்கும் மானியம் வழங்கி, முதலீட்டுக்குப் பணமின்றித் தவிப்பதா என்னும் கேள்வி நேர்மையானது. எனினும் மிச்சப்பட்ட பணத்தின் ஒரு பகுதியேனும் ஏழையின் முத்திரைக்குத் திரும்பியிருப்பின் அக்கேள்வி அறத்தின் வலிமையையும் பெற்றிருக்கும். மத்திய வங்கியின் 1978/79, 1981/82 ஆம் ஆண்டு நுகர்வோர் நிதி அளவீடுகளை வைத்து நடைபெற்ற ஆய்வுகள், மிக வறிய குழுவினரின் கலோரி நுகர்வு இக்காலத்தில் குறைந்தது என்றே காட்டின.

பதிவேட்டில் தெரிந்த வறுமையும் தெரியாத வறுமையும்

வருமான எல்லையினால் யார் விலக்கப்பட்டனர்? ஏடுகளின்படி வசதியுள்ளோர் விலக்கப்பட்டிருத்தல் வேண்டும். நடைமுறையில், வருமானம் எழுத்தில் இருந்தோரே முதலில் விலக்கப்பட்டனர்.

தோட்டத் தொழிலாளியின் கூலி நாள்தோறும் செக்றோலில் எழுதப்பட்டது. கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளையும் அதே பதிவேட்டில் இடம்பெற்றனர். மூவரின் கூலியும் கூட்டப்பட்டபோது குடும்பம் எளிதில் எல்லையைத் தாண்டியது. கிராமத்துச் சிறு வணிகருக்கோ தரகருக்கோ இத்தகைய ஏடு இல்லை. அவர் கூறிய வருமானமே அவருடைய வருமானம். ஒருவர் வீட்டில் மறைக்க முடிந்தது மற்றவர் வீட்டில் துரையின் அலுவலகத்திலேயே எழுதப்பட்டுக் கிடந்தது. இதனால் விதி அளந்தது வறுமையை என்பதிலும், வருமானம் எழுத்தில் இருக்கின்றதா என்பதை எனக் கூறுதல் பொருந்தும்.

இக்குறைபாடு உணவு முத்திரையோடு நின்றுவிடவில்லை. பின்வந்த திட்டங்களிலும் தோட்டங்களின் பங்கு சிறிதாகவே இருந்தது. மாதச் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் உடையவர் வறியராதல் எவ்வாறு என்னும் எண்ணமே அதற்கு அடிப்படை. ஆனால் போர் காரணமாக வடமாகாணம் உள்ளிட்ட சில பகுதிகளைத் தவிர்த்து 2006/07 இல் நடைபெற்ற வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி, நாட்டின் வறுமை வீதம் 15.2 ஆக இருந்தபோது தோட்டத்துறையின் வறுமை வீதம் 32 ஆக இருந்தது. சம்பளம் பெறுவோர் வறியரல்லர் என்னும் கருத்தினை அரசின் சொந்தப் புள்ளிவிவரமே மறுத்துவிட்டது.

ஜனசவியவும் சமுர்த்தியும்

1989 இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச தொடங்கிய ஜனசவிய, மாத வருமானம் 700 ரூபாவுக்குக் குறைந்த குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாவை இரண்டாண்டுக் காலத்துக்கு வழங்க முற்பட்டது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கும் 1,042 ரூபா சேமிப்புக்கும் உரியன. உதவியின் தாராளம் முன்னர் காணாதது. ஆனால் அது நாட்டின் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒருங்கே வரவில்லை. சுற்றுச் சுற்றாகவே விரிந்தது. ஆகவே ஒருவர் வாழும் பிரிவின் முறை வந்துவிட்டதா என்பதும் தகுதியின் ஒரு கூறாயிற்று.

1995 இல் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் சமுர்த்தியைக் கொண்டுவந்தது. வருமானத்துக்கும் அங்கத்தவர் தொகைக்கும் ஏற்பப் பல படிகளில் உதவி வழங்கப்பட்டது. குடும்பங்களைத் தெரிவதில் கிராமமட்டத்துச் சமுர்த்தி அலுவலர் முக்கிய இடம் பெற்றார். ஊரை அறிந்தவர் ஊரின் ஏழையை அறிவார் என்னும் எதிர்பார்ப்பு பொருளற்றதன்று. ஆயின் ஊரை அறிந்தவர் ஊரின் கட்சிகளையும் அறிவார். 2000 ஆம் ஆண்டளவில் வெளியான உலக வங்கி ஆய்வொன்று, மிக வறிய ஐந்திலொரு பகுதியினரில் ஏறத்தாழ 40 சதவீதமான குடும்பங்கள் சமுர்த்தி பெறவில்லை எனவும், திட்டத்தின் நிதியில் ஏறத்தாழ 44 சதவீதம் மேலிருந்த மூன்று பகுதியினரையே சென்றடைந்தது எனவும் மதிப்பிட்டது.

போர் நிகழ்ந்த வடக்கிலும் கிழக்கிலும் தகுதி வேறொரு உருவம் கொண்டது. சமுர்த்தி அங்கு முழுமையாக இயங்காத ஆண்டுகளில், இடம்பெயர்ந்தோருக்கு உலர் உணவு நிவாரணம் வழங்கப்பட்டது. கிராம சேவகரிடம் பதியப்பட்ட குடும்ப அட்டையே அதற்குச் சான்று. வீட்டை விட்டு ஓடியவர் இடம்பெயர்ந்தவராகக் கொள்ளப்பட்டார். தொழிலை இழந்தும் வீட்டிலேயே இருந்தவர் அப்பகுப்பினுள் அடங்கவில்லை. பசி இருவருக்கும் ஒன்றாயினும் பட்டியல் ஒன்றன்று.

புள்ளிகளால் அளக்கப்படும் வறுமை

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி நாட்டின் உதவித் திட்டங்களின் வலுவின்மையை வெளிப்படுத்தியது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 யூலையில் அஸ்வெசும தொடங்கப்பட்டது. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, உடைமை, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி இடப்பட்ட புள்ளிகளைக் கொண்டு குடும்பங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, மாதம் 2,500 ரூபா, 5,000 ரூபா, 8,500 ரூபா, 15,000 ரூபா என உதவி நிர்ணயிக்கப்பட்டது.

அலுவலரின் விருப்பு வெறுப்புக்கு இடமளிக்காமை இம்முறையின் சிறப்பாகும். மறைக்கத்தக்க வருமானத்தைக் கேட்காமல் கண்ணுக்குத் தெரியும் பொருள்களைக் கேட்பதும் ஒருவகையில் முன்னேற்றமே. எனினும் சீமெந்துச் சுவர் நல்ல காலத்தில் எழுந்திருக்கலாம். அதனுள்ளே வாழ்பவர் இன்று வேலையிழந்தவராயிருக்கலாம். உடைமை கடந்த காலத்தைக் கூறும், பசி இன்றைய நாளைக் கூறும். திடீரென வறுமைக்குள் தள்ளப்பட்டோரே 2022 இன் பின்னர் மிகுந்திருந்தமையால் இவ்வேறுபாடு பெரிதாயிற்று. முதற்பட்டியல் வெளிவந்தவுடன் ஏறத்தாழ பத்து இலட்சம் முறையீடுகள் குவிந்தன. அம்முறையீடுகளுள் தகுதியற்றவை பலவாக இருத்தல் கூடும். ஆயினும் புள்ளிகளால் எழுதப்பட்ட தம் வாழ்க்கையில் தம்மைக் காண முடியாதோர் இத்துணைப் பேர் என்பதனை அவை எடுத்துரைக்கின்றன.

முடிவுரை

எண்பதாண்டு வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் சில. தகுதி விதி எதுவாயினும் அது இரு தவறுகளுக்கு இடம் தரும். உரியவர் அல்லாதவர் உள்ளே வருதல் ஒன்று, உரியவர் வெளியே நிற்றல் மற்றொன்று. பங்கீட்டுக் காலம் முதலாவது தவற்றினைப் பொறுத்துக்கொண்டு இரண்டாவதைத் தவிர்த்தது. 1978 இன் பின்னர் முதலாவதைத் தவிர்க்கும் முயற்சியே மேலோங்கியது. முதலாவது தவறு திறைசேரியின் கணக்கில் ரூபாவாகத் தோன்றும். இரண்டாவது தவறு எந்தக் கணக்கிலும் தோன்றாது. தோட்டத்து லயத்திலும் இடம்பெயராத ஏழையின் வீட்டிலும் 1980 மார்ச்சின் பின்னர் பிறந்த குழந்தையின் உடலிலும் மட்டுமே அது எழுதப்பட்டது.

ஆதலின் உதவித் திட்டமொன்றினை மதிப்பிடுமிடத்து, எத்தனை பேர் தகுதியின்றிப் பெற்றனர் என்பதை ஆராயும் அதே கவனத்தோடு, தகுதியிருந்தும் எத்தனை பேர் பெறவில்லை என்பதையும் ஆராய்தல் வேண்டும். பட்டியல் எப்பொழுதும் திறந்திருத்தல், உதவியின் பெறுமதி விலையோடு சேர்ந்து உயர்தல், முறையீடு விரைந்து கேட்கப்படுதல் ஆகிய மூன்றும் தகுதி விதியின் புறத்தே நிற்பன அல்ல. அவையே அவ்விதியின் உயிர்நிலை. அவை இல்லாதவிடத்து எவ்வளவு நுட்பமாக வரையப்பட்ட கோடும், கோட்டுக்கு அப்பால் நிற்பவருக்கு மதிலாகவே அமையும்.